ஓரிரு இடங்களில் கொல்லிமலை

மே மாதம் வந்துவிட்டால் நாமக்கல் மாவட்ட வானிலை அறிக்கையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்: வெயில் கொளுத்தும், ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழை பெய்யக்கூடும். அந்த ஓரிரு இடங்களில் கொல்லிமலை உண்டா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அடிவாரத்தில் காரவள்ளியில் சட்டை நனைவது வியர்வையால். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். மதியத்துக்கு மேல் மழையிலும் நனையலாம். மாவட்டம் ஒன்று, ஆகவே அறிக்கையும் ஒன்று.

கோழிகள் கொடுத்துவைத்தவை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் என்று கணித்து, வெயிலுக்குத் தீவனத்தில் என்ன சேர்ப்பது என்பதுவரை பண்ணைக்காரர்களுக்குச் சொல்கிறார்கள். முட்டை நாட்டுக்கு முக்கியம், மறுக்கவில்லை. மலைமேல் இருக்கும் மிளகுக்கொடி முட்டையிடுவதில்லை. அது தன் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொள்கிறது.

சுற்றுலாக்காரர்களுக்கு எந்த அறிக்கையும் வேண்டாம். வெயில் தாங்காமல் மலையேறுகிறார்கள். ஆகாய கங்கை அருவியில் குளிக்க இறங்கியவர்கள், இடி இடித்ததும் நனைந்துவிடுவோமே என்று ஆயிரம் படிகளை மூச்சிரைக்க ஏறி, காருக்குள் உட்கார்ந்து ஏ.சி.யைப் போடுகிறார்கள்.