ஆரிரரோ அலைவரிசை

ராத்திரி இரண்டு மணிக்கு பேபி மானிட்டர் வீறிட்டது. எழுந்த வேகத்தில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, நொண்டியபடி குழந்தை அறைக்கு ஓடினேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மானிட்டரோ அழுகையை நிறுத்துவதாக இல்லை.

"எதிர்வீட்டுப் பிள்ளைடா அது. பசி அழுகை" என்றாள் அம்மா. பேறுகாலம் பார்க்க மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்திருந்தவள். கருவி எதுவும் இல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

நான் வாங்கியது தள்ளுபடியில் கிடைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அனலாக் ரகம். அந்த அலைவரிசை ஒரு வாரச்சந்தை. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கடை விரிக்கின்றன. அம்மா மைக்ரோவேவில் பால் சுடவைக்கும் ஒன்றரை நிமிடமும் மானிட்டரில் வடை பொரியும். அனலாக்கில் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சேனல் அமைந்துவிட்டால் ஒட்டுக்கேட்பது இலவசம்.

ஆராய்ச்சியில் இறங்கினேன். 1937-இல் ஜெனித் நிறுவனத்துக்காகச் சிற்பி இசாமு நொகுச்சி பேக்கலைட்டில் வடித்த 'ரேடியோ நர்ஸ்'தான் இந்த வம்சத்துக்குப் பாட்டி. வீட்டு மின்கம்பி வழியாகவே சத்தத்தை அனுப்பிய கெட்டிக்காரி. படத்தைக் காட்டினேன்.

"இந்த மூஞ்சியப் பாத்தா தூங்குற பிள்ளையும் அழும்டா."

கடைசியில் டெக்ட் (DECT) என்ற டிஜிட்டல் ரகம் வாங்கினேன். முகம் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான். ஆனால் அமெரிக்காவில் அதற்கு 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை தனித் தெரு. கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகள்தான் அக்கம்பக்கம். மைக்ரோவேவ் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. டிஜிட்டல் என்பதால் எதிர்வீட்டு அனலாக்குக்கு நம் வீட்டுப் பேச்சும் புரியாது.

நான்கு இரவு நிம்மதியாகத் தூங்கினோம். ஐந்தாம் நாள் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ராத்திரியில் உங்கள் வீட்டில் யாரோ பாடுவார்களே, ஊருக்குப் போய்விட்டார்களா? அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பையன் தூங்குவதில்லை."

அம்மாவிடம் சொன்னேன். "பழச எங்கடா வச்ச?" என்று அலமாரியைத் திறந்தாள்.

இப்போது தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அம்மா பழையதன் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் பாடுகிறாள்.