நாற்பதாயிரத்தார்

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்து கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. காலையில் ஊரே கொமுட்டர் ரயிலில் நசுங்கிக்கொண்டு கோலாலம்பூர் பக்கம் வரும்போது, எதிர்த்திசையில் போகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். அப்படி உட்கார்ந்து ஒருவர் தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையைத் தொடையோடு மறைத்துப் பிடித்துப் படித்தால், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அட்டையில் மண்டை ஓடு இருந்தால் ஆள் நம்ம நாற்பதாயிரத்தார்தான்.

வயது நாற்பதுக்கு மேல். ஃபார்வர்டிங் ஆபீசில் கிராணி வேலை. சட்டைப்பையில் இரண்டு பேனா. பார்த்தால் கோயில் கமிட்டிப் பொருளாளர் என்றுதான் சொல்வீர்கள். மனசு மட்டும் இன்னும் முப்பத்தெட்டாயிரம் வருஷம் தள்ளி இருக்கிறது. வார்ஹேமர் 40,000 என்பது 1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி கொண்டுவந்த மேசை விளையாட்டு. குட்டிக் குட்டிப் போர்வீரர் பொம்மைகளை மேசையில் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பொம்மைக்கும் கதை வேண்டுமே என்று, பிளாக் லைப்ரரி என்ற பதிப்பகத்தைத் தொடங்கி நாவல் நாவலாக எழுதவைத்தார்கள். நம்மவர் அந்த நாவல்களின் வாசகர். விளையாட்டை ஒரு தடவைகூட ஆடியதில்லை.

கேட்டால், "அது சின்னப் பசங்க சமாச்சாரம்" என்பார். உண்மையான காரணம் விலை. ஒரு படை சேர்க்கிற காசில் பழைய மோட்டார் ஒன்று வாங்கிவிடலாம். அவ்வளவு வெள்ளி கொடுத்தாலும் வீரன் முழுசாக வரமாட்டான். கை தனி, கால் தனி, தலை தனி. ஒட்டுவதும் சாயம் பூசுவதும் நம் பொறுப்பு. புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தாளரே ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்.

புத்தகமும் முழு விலைக்கு வாங்குவதில்லை. கேஎல்சிசி கினோகுனியாவில் நின்றபடி இரண்டு அத்தியாயம் படிப்பார். 2009இல் பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனை தொடங்கியதிலிருந்து வருஷம் தவறாமல் அங்கே ஒரு நடை. ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் பழைய சாமான் சந்தை. கிடைப்பதை எடுத்துக்கொள்வதால் தொடர்கதை வரிசையாக வாய்க்காது. 7ஆம் பாகம் முதலில் வரும், அப்புறம் 23, அப்புறம் 3. துரோகம் செய்த தளபதி அடுத்த புத்தகத்தில் சத்தியசந்தனாக நிற்பான். இவர் அசர மாட்டார். மனசுக்குள் ஒரு அட்டவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹோரஸ் துரோகம் என்ற அந்தத் தொடர் 2006இல் தொடங்கியது. மூலத் தொடர் மட்டும் 54 புத்தகம். அதற்குமேல் கதையின் கடைசி முற்றுகைக்கென்று தனித் தொடர். அதன் கடைசிப் பாகமே மூன்று தொகுதியாக வீங்கி 2024இல்தான் முடிந்தது. யார் ஜெயிப்பார், யார் சாவார் என்பதெல்லாம் தொடர் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே விளையாட்டின் விதிப்புத்தகத்தில் அச்சாகிவிட்டது. அதனால் என்ன? இராவணன் பிழைப்பானா என்று தெரிந்துகொள்ளவா கம்பராமாயணச் சொற்பொழிவுக்குப் போகிறோம்?

இவருடைய அப்பாவுக்குத்தான் இது பிடிபடவே இல்லை. அவர் சாண்டில்யன் ஆள். "கடல் புறா மூணே பாகம்டா. அதுக்குள்ள கடாரம் வரைக்கும் வந்துட்டாங்க. உன் ஆளுங்க அம்பத்திநாலு புஸ்தகமா கெளம்பி இன்னும் ஊரு வந்து சேரலையா?"

அம்மாவின் போக்கு வேறு. தோட்டத்தில் பிறந்து, இப்போது ஆஸ்ட்ரோ வானவில்லில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் ஒருநாள் கதையைச் சொல்லிப் பார்த்தார்.

"பேரரசருக்கு இருபது பிள்ளைங்கம்மா."

"எத்தன சம்சாரம்?"

"சம்சாரமே இல்ல. லேப்ல உண்டாக்குனது. கொழந்தையிலயே ஆளுக்கொரு தெசையா காணாமப் போயிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா தேடிப் புடிச்சாரு."

"நாளை நமதே மாதிரி."

"அதுல ரெண்டு பேரப் பத்தி மட்டும் யாரும் பேசக்கூடாது."

"எல்லா வீட்லயும் அப்படி ரெண்டு பேரு இருப்பானுங்க."

"மிச்சத்துல பாதிப் பேரு அப்பாவையே எதுத்துக்கிட்டாங்க."

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார். "நெலம் யாரு பேர்ல இருந்துச்சு?"

இத்தனை வருஷம் படித்தும் தனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று நாற்பதாயிரத்தார் இன்றுவரை மருகுகிறார்.

வீட்டில் ஒரே ஒரு பொம்மை உண்டு. மாமா மகன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. பெருத்த தோள்கவசம் பூட்டிய விண்வெளி வீரன், கையில் பல்லுப்பல்லாக வாள். பாதி சாயம் பூசி டிவி அலமாரியில் வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் பொம்மையைக் காணோம். தேடினால் சாமி மேடையில், முனியாண்டி படத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிறது. "மரம் அறுக்குற மெஷினக் கையில புடிச்சிருக்கான். காவல் சாமிதான், எனக்குத் தெரியாதா?" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். போன ஆடியில் சுருட்டும் வைத்தார்கள். வார்ஹேமர் உலகில் பத்தாயிரம் வருஷமாகப் பொற்சிம்மாசனத்தில் சாகவும் முடியாமல் எழவும் முடியாமல் கிடக்கும் பேரரசரைக் கடவுள் என்று கும்பிடுவது சரியா என்று இவர் மணிக்கணக்கில் வாதிடக்கூடியவர். வீட்டில் வாதிடவில்லை.

இவரைச் சண்டைப் பிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைப் பக்கங்களைப் பாதிக்குமேல் தாண்டிவிடுவார். இவர் நிறுத்தி நிதானமாகப் படிப்பது நிர்வாகத்தை. கோடானுகோடிக் குமாஸ்தாக்கள் கோப்பு தள்ளும் அட்மினிஸ்ட்ராட்டம் என்று ஒரு துறை அந்த உலகில் உண்டு. உதவி கேட்டு ஒரு கிரகம் அனுப்பிய மனுவுக்குப் பதில் வருவதற்குள் மனுப் போட்டவனின் பேரனும் செத்திருப்பான். ஓர் எண் பிசகினால் ஒரு கிரகமே கணக்கிலிருந்து காணாமல் போகும். விமர்சகர்கள் இதை மிகைநையாண்டி என்கிறார்கள். கஸ்தம் கவுன்டரில் கே1 பாரம் நிரப்புகிறவருக்கு இதில் மிகை எதுவும் தெரியாது. ஒரு பெட்டியின் எண்ணில் 8க்குப் பதில் 3 விழுந்து, சரக்கு யார்டில் தூங்க, ஒவ்வொரு நாளும் வாடகை ஏற, டவுக்கே போனில் கத்த, லோரிக்காரர் வெளியே பசியாறப் போய்விட்ட ஒரு மத்தியானம், நாற்பதாயிரத்தார் மேசையடியில் புத்தகத்தைத் திறந்து அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சாண்டி மிட்செல் எழுதிய சைஃபஸ் கேன் நாவல்கள் இவருக்கு உயிர். உயிர் பிழைத்தால் போதும் என்று பின்வரிசைக்கு நழுவும் ஓர் அதிகாரி, நழுவிய இடத்திலெல்லாம் எதிரியின் முன்னால் போய் நின்று, வேறு வழியில்லாமல் மாவீரன் ஆகிறான். கமிட்டிக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தும் செயலாளராகத் தேர்வான யாருக்கும் இந்த வேதனை புரியும்.

டான் ஆப்னெட்டின் கோன்ட் படைக்கதை வேறு ரகம். 1999இல் வந்த முதல் நாவலிலிருந்தே தானித் என்ற காட்டுக் கிரகத்தின் ஆட்கள் வருகிறார்கள். பட்டாளத்தில் சேர்ந்த அன்றே அவர்கள் ஊர் அழிந்துவிட்டது. திரும்பிப் போக இடமில்லாமல் கிரகம் கிரகமாகச் சண்டை போடுகிறார்கள். ரயில் சுபாங் ஜெயா தாண்டும்போது ஊர் அழியும் பக்கம் வந்தால், புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிவிட்டு வெளியே பார்ப்பார். அம்மா பிறந்த தோட்டம் காப்பார் பக்கம். இப்போது அங்கே தாமான். கோயிலை மட்டும் சாலையோரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி இவர் பேசி நான் கேட்டதில்லை. "நல்லா எழுதியிருக்கான்" என்பதோடு சரி.

ஜாலான் டெம்ப்ளர் ஸ்டேஷன் வந்தால் மட்டும் முகம் மலரும். பிளாக் டெம்ப்ளர்ஸ் இவருக்குப் பிடித்த படை. 1952இல் அவசரகாலத்தில் இந்த நாட்டை ஆள வந்த ஜெனரல் டெம்ப்ளரின் பெயர் அது என்பது இவருக்கு இரண்டாம்பட்சம். அந்தக் காலத்து முள்வேலியையும் ரேஷன் அரிசியையும் பற்றித் தாத்தா சொல்ல வந்தபோதெல்லாம் இவர் புத்தகத்தில் இருந்தார்.

ஊரோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு. ஓர்க்குகள் என்ற பச்சைத்தோல் ஜாதிக்குச் சிவப்பு வண்டிதான் வேகமாக ஓடும் என்று நம்பிக்கை. எல்லோரும் சேர்ந்து நம்புவதால் நிஜமாகவே ஓடும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் சிவப்பு மைவி ஒன்று இடதுபுறமாகச் சீறிக்கொண்டு முந்தும்போதெல்லாம் இவர் மரியாதையாகத் தலையசைப்பார்.

போன மாதம் கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்து மாமாக் கடையில் எதிர்மேசை இளைஞன் கையில் அதே மண்டை ஓடு.

"எத்தனாவது, தம்பி?"

"பத்தொம்பது. நீங்கண்ணே?"

"நான் மூணாவதுலயே நின்னுட்டேன். லோக்கன் செத்ததுக்கப்புறம் மனசு கேக்கல."

"லோக்கன் சாகலண்ணே."

தே தாரேக் ஆறியது. செத்துவிட்டதாகக் கருதி இத்தனை வருஷம் துக்கம் காத்தவருக்கு ஆள் உயிரோடு இருப்பதில் சந்தோஷப்படுவதா, பாகம் தப்பிப் படித்ததற்கு நொந்துகொள்வதா என்று புரியவில்லை. அப்புறம் கடை நாற்காலிகளைக் கவிழ்க்கும்வரை பேசினார்கள். பையன் துரோகிகள் கட்சி, இவர் பேரரசர் கட்சி. கடைசியில் பத்தொன்பதாம் புத்தகத்தை இரவல் வாங்கி, போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். பெயர் கேட்க மறந்துபோனது.

இராத்திரி பதினொரு மணிக்கு மேசையில் போன் அடித்தது. திரையில் "பத்தொம்பது" என்று வந்தது. மனைவி எடுத்துப் பார்த்தார்.

"யாருங்க இது, பத்தொம்பது?"

"துரோகிங்க பக்கத்து ஆளு. நல்ல பையன்."