ஹீட்டரைப் போடுங்க, வண்டி சூடாகுது!

பாலாறு என்றதும் வாணியம்பாடியும் வேலூரும் நினைவுக்கு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். இது வேறு பாலாறு. மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தபாடி வழியாகப் போனால் எல்லையில் குறுக்கிட்டு, காவிரியில் போய்ச் சேர்கிறது. பாலத்தைத் தாண்டினால் கர்நாடகம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை அந்தக் கரை மைசூரு மாவட்டம். அங்கிருந்து மாதேஸ்வரன் மலை ஏற்றம் தொடங்குகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களின் பக்தி பெருகத் தொடங்குவதும் அங்கேதான்.

மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி. மலை மேலுள்ள மாதேஸ்வரன் கோயிலோ ஏறக்குறைய 3,000 அடியில் இருக்கிறது. இந்த இடைவெளியை வளைந்து வளைந்து ஏறும் காட்டுச் சாலையில், அமாவாசைக் கூட்டத்தில், முன்னால் முக்கிக்கொண்டு போகும் பஸ்ஸின் புகையைக் குடித்தபடி, ஒரு கிழட்டு அம்பாசிடர் கடக்க வேண்டும். எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், வண்டிக்கு வேகம் குறைவு. வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குள் காற்று வந்து புகுவதில்லை. அம்பாசிடரின் ஃபேன் எஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது; எஞ்சின் தவழ்ந்தால் அதுவும் தவழும். மாருதி 800இல் ஃபேன் மின்சாரத்தில் சுற்றும். சுவிட்ச் பழுதானால் அதுகூட இல்லை.

டெம்பரேச்சர் முள் மேலே நகர்ந்ததும் வண்டிக்குள் ஆலோசனைக் கூட்டம் கூடிவிடும். மாமனார் பெட்ரோலில் கலப்படம் என்பார். மைத்துனர் கியரைக் குறை சொல்வார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்காமல் கிளம்பியதைப் பெரியம்மா ஞாபகப்படுத்துவார். ஓட்டுபவர் யாருக்கும் பதில் சொல்லாமல் ஹீட்டரை முழுசாகத் திருகி, அதன் ஃபேனையும் உச்சத்தில் வைப்பார். சித்திரை மாத மத்தியானம். ஏழு பேரும் ஒரே குரலில் அலறுவார்கள்.

அவர் செய்தது சரியான காரியம். கார் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி வந்த அதே வெந்நீர்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்கும் போகிறது. ஹீட்டரைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. எஞ்சினிலிருந்து இறங்கும் சூடு பெரியம்மாவின் காலடிக்கு வரும், அவ்வளவுதான்.

ஹீட்டர் போட்டும் சில்லென்று காற்று வந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. முள் சிவப்பில் இருக்க ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறதென்றால், பெரும்பாலும் தண்ணீர் வெளியேறி, ஹீட்டர் வரை எட்டாத அளவுக்கு மட்டம் இறங்கிவிட்டது என்று பொருள். உடனே ஓரங்கட்ட வேண்டும், யானை நடமாடும் காடாக இருந்தாலும். பானெட்டைத் திறக்கலாம், ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அந்த மூடி பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. 3,000 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; மூடி கொடுக்கும் அழுத்தத்தால்தான் 110 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அழுத்தத்தைத் திடீரென்று விடுவித்தால் அது கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பாயும். எஞ்சின் ஆறுவதற்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலோ ஹெட்டில் விரிசல் விடலாம். அதன் செலவைச் சொன்னால் பெரியம்மாவே வண்டியை விற்கச் சொல்லிவிடுவார்.

ஆறும் நேரத்தில் ரேடியேட்டர் ஹோஸ்களைக் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு. ஹீட்டர் சுட்டும் மேல் ஹோஸ் சூடாகவில்லையா? தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டது. காலடிக் கார்பெட் ஈரமாகி இனிப்பு வாசனை வந்தால் கூலண்ட் ஹீட்டரிலிருந்து ஒழுகுகிறது. ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அதற்கு மேல் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

இவற்றில் அதிகம் பழி சுமப்பது தெர்மோஸ்டாட்தான். உள்ளே ஒரு சொட்டு மெழுகு. சுமார் 82 டிகிரியில் அது இளகி விரிந்து வால்வைத் திறக்கும், ஆறினால் சுருங்கி மூடும். 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்கு மின்சாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். நம் ஊரில் அதற்கு மரியாதையும் இல்லை. வண்டி ஹீட் ஆகிறது என்று கொண்டுபோனால் மெக்கானிக் யோசிக்கவே மாட்டார். “நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குங்க இது? கழட்டி விட்டுர்றேன்!” கழற்றியும் விடுவார். முள் இறங்கும். முதலாளிக்கும் மெக்கானிக்குக்கும் பரம திருப்தி. உப்படைத்த ரேடியேட்டர் மட்டும் அப்படியே இருக்கும்.

தண்ணீர் இப்போது கட்டுப்பாடின்றி ரேடியேட்டருக்கு ஓடுவதால், சமவெளிக் காலையில் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் பிடிக்கும். பெட்ரோலைக் கூடக் குடிக்கும். தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் வால்வு இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் சுற்றி, வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாவதும் உண்டு.

அதே வண்டி டிசம்பரில் ஊட்டிக்குப் போகும். புல்லில் உறைபனி படரும் அதிகாலை. குழந்தைகள் நடுங்க, ஓட்டுபவர் பெருமையாக ஹீட்டரைப் போடுவார். ஊட்டிக் காற்று உள்ளே வந்தபோது எப்படி இருந்ததோ அதே குளிர்ச்சியோடு காலில் வீசும். ஹீட்டர் ரிப்பேர் என்று ஒரு கடையில் டேஷ்போர்டையே பிரிப்பார்கள். ஹீட்டரில் குறை எதுவும் இருக்காது. கடைசியில் ஊர் மெக்கானிக்குக்குப் போன் போகும். “வால்வுங்களா? பத்திரமா இருக்குங்க. உங்க டேஷ்போர்டு பெட்டியிலதான், மாதேஸ்வரன் கோயில் விபூதிப் பொட்டலத்துக்கு அடியில பாருங்க.”