தலையணையின் வாய்

மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, வாடகைக்கு விடலாம் என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்னபோது, பத்து வருஷம் இருந்து வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற வாடகைக்காரரை நான் நினைத்தேன். அவன் நினைத்தது ஒரு ராத்திரி வாடகைக்காரரை. கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. செயலியில் நாலு படம் போட்டால் போதும் என்றான். அந்த நாலில் மூன்று கட்டிலின் படமாக இருக்க வேண்டுமாம்.

"படுக்கை ஹோட்டல் மாதிரி இருக்கணும்ப்பா."

எங்கள் வீட்டில் படுக்கை போடுவதென்றால் உதறு, விரி, படு. அவ்வளவுதான். காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் படுக்கையறையே கூடமாகிவிடும். இத்தனைக்கும் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த ஏர்பிஎன்பிக்காரர்களே 2007-இல் சான்பிரான்சிஸ்கோவில் தங்கள் வீட்டுத் தரையில் மூன்று காற்று மெத்தைகளை ஊதிப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். பெயரில் இருக்கிற 'ஏர்' அந்தக் காற்றுதான். அவர்கள் தரையிலிருந்து கட்டிலுக்கு ஏறியதற்கு நான் ஏன் குனிந்து நிமிர வேண்டும் என்று மகனிடம் கேட்டேன். போனில் சிக்னல் சரியில்லை என்றான்.

ஒரே வாரத்தில் பார்சல் வந்தது. கரூரிலிருந்து ஆறு வெள்ளை விரிப்பு, எட்டுத் தலையணை உறை, எங்கள் ஊர் மே மாதத்தில் பார்த்தாலே வியர்க்கும் ஒரு கனத்த ரஜாய், அப்புறம் கால்மாட்டில் குறுக்கே போட ஒரு மெரூன் பட்டை. விரிப்பின் அட்டையில் 300 நூல் என்றிருந்தது. ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடுமாக அத்தனை இழைகளாம். நான் கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே ஓய்வுபெற்றவன். எந்தத் தொகையையும் சரிபார்க்காமல் விட்டதில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கால் அங்குலம் வரை எண்ணியிருப்பேன். "என்னங்க, பேன் பாக்கறீங்களா?" என்று குரல் வந்தது. தணிக்கை அத்துடன் நின்றது.

குரலுக்குரியவள் அரசு ஆஸ்பத்திரியில் 34 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். மகன் அனுப்பிய வீடியோவை இருவரும் பார்த்தோம். டை கட்டிய பையன் ஒருவன் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, மெத்தை மேல் முக்கோணமாகப் போட்டு, கீழே தொங்கியதை உள்ளே செருகி, முக்கோணத்தை இறக்கி அதையும் செருகினான். மூலை கவர் ஒட்டியதுபோல நின்றது. நான் அசந்துபோனேன். அவள் சிரித்தாள்.

"இதுக்கா இவ்வளவு மியூசிக்? மைட்டர் கார்னர். ட்ரெய்னிங்ல முதல் மாசப் பாடம். நாப்பத்தஞ்சு டிகிரி வரலைன்னா ட்யூட்டர் மொத்தத்தையும் உருவிப் போட்டுட்டு மறுபடி போடச் சொல்லுவாங்க."

ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிற அறையின் கம்பீரமெல்லாம் தர்மாஸ்பத்திரி வார்டுச் சரக்கு என்பதில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தம் கொஞ்ச நேரம்தான் நீடித்தது. மறுநாளே நான் மாணவனாகிவிட்டேன். க்ளோஸ்டு பெட், ஓப்பன் பெட், ஆக்குபைடு பெட் என்று படுக்கையில் இத்தனை ஜாதி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னது நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றும் வித்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அசந்து தூங்குகையில் அதை என்மேலேயே செய்து காட்டினாள். இடப்பக்கம் ஓர் உருட்டு, வலப்பக்கம் ஓர் உருட்டு. விழித்தபோது பழைய விரிப்பு பக்கெட்டில் இருந்தது.

சட்டங்கள் வேறு. விரிப்பை உதறக் கூடாது, கிருமி பறக்கும். தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்கக் கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள வர்றவங்க கண்ணுக்கு அடக்கமா இருக்கணும்" என்றாள். வாயைப் பற்றிய இந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும் என்று பார்வையிலேயே சொன்னாள்.

விருந்தினர் வந்தார்கள். முதல் குடும்பம் அந்த இறுக்கமான படுக்கைக்குள் நுழையும் வழி தெரியாமல், அதன் மேலேயே வரிசையாகப் படுத்து, சொந்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டுப் போனது. இன்னொரு பெரியவர் மெரூன் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "எதுக்குங்க இந்தப் பொன்னாடையெல்லாம்?" என்று அவர் கூச்சப்பட்டபோது, திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைதான் எங்களைப் படுத்தியது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெளுத்துவிடலாம், சுத்தம் கண்ணுக்குத் தெரியும் என்று ஹோட்டல்காரர்கள் வெள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கும்பகோணத்தை யோசிக்கவில்லை. குங்குமம், விபூதி, மருதாணி, வெற்றிலைச் சாறு, டிகிரி காபி. சனிக்கிழமைகளில் திருநள்ளாறு போகிறவர்கள் நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகுகிறார்கள். சனி விலகுகிறதோ இல்லையோ, எண்ணெய் விலகுவதில்லை. ராத்திரி அது எங்கள் தலையணைக்கு வந்து சேரும்.

ஒருநாள் மஞ்சள் பூசிக் குளித்த அம்மாள் ஒருவர் தங்கிவிட்டுப் போனார். உறையில் இளமஞ்சளாய் ஒரு கன்னம். சோப்புத் தண்ணீரில் போட்டேன். கண்ணெதிரே ரத்தச் சிவப்பானது. திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்கு ஊற்றும் பால் நீலமாகும் என்பார்கள்; கொல்லையிலேயே ஓர் அதிசயமா என்று கத்தினேன்.

"ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்காதா? சோப்பும் அப்படித்தான். நல்லா அலசி வெயில்ல போடுங்க."

இரண்டு நாள் வெயிலில் மஞ்சள் வெளிறியே போயிற்று. அதோடு அவள் மெத்தைக்கு மேல், விரிப்புக்கு அடியில், மெக்கின்டாஷ் என்று அவர்கள் சொல்லும் ரப்பர் ஷீட்டையும் போட்டுவிட்டாள். கைக்குழந்தையோடு வருகிறவர்களைப் பார்த்து அதன்பிறகு நான் பயந்ததில்லை.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பாட்டி பேரனோடு வந்தார். நான் அப்போது மகன் கேட்ட துண்டு அன்னத்தைச் செய்துகொண்டிருந்தேன். குளியல் துண்டின் இரண்டு ஓரத்தையும் சுருட்டி, கழுத்தை வளைத்து நிறுத்த வேண்டும். என்னுடையது எப்போதும் தலை தொங்கி, மழையில் நனைந்த கோழியாகத்தான் நிற்கும். பாட்டி அன்னத்தைப் பார்க்கவில்லை, ஏசியைப் பார்க்கவில்லை. நேரே கால்மாட்டுக்குப் போய், விரிப்பின் மூலையில் விரலை ஓட்டினார்.

"எந்த ஸ்கூல்?"

"தஞ்சாவூர். எய்ட்டி ஒன் பேட்ச்" என்றாள் என் மனைவி.

"நான் மதுரை. செவன்ட்டி த்ரீ."

இருவரும் கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், ரவுண்ட்ஸ் வந்த மாதிரி. பாட்டியின் பார்வை மெதுவாக மேலேறித் தலைமாட்டுக்கு வந்தது. இடப்பக்கத் தலையணை கதவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இது மட்டும் யாரு போட்டது?"

இருவரும் திரும்பினார்கள். நான் கையில் பாதி அன்னத்தோடு நின்றிருந்தேன்.