முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்!

கேள்வி: ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் வழிகாட்டியோடு கூட்டமாக சைக்கிள் சுற்றுலா போகிறார்களாமே? மலைப்பிரதேசத்தில் சாதாரண ஆட்களால் மிதிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வடமேற்கு ஓரம் நெடுக நிற்கும் திரமுந்தானா மலைத்தொடரைப் (2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது) பார்த்துத்தான் பலரும் மிரளுகிறார்கள். தீவின் நடுப்பகுதியோ பாதாம் தோப்புகள் நிறைந்த சமவெளி. வேகத்தைப் பார்த்துக் குழு பிரிப்பதால், யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

முன்னால் போகிற வழிகாட்டி சாலையில் ஒரு குழியைக் கண்டதும் கையைத் தாழ்த்திச் சுட்டுகிறார். அடுத்தவர் கை தாழ்கிறது, அதற்கடுத்தவர் கையும். பத்து நொடிக்குள் கடைசி ஆள்வரை செய்தி போய்விடும். தனியாக ஓட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு ஏது?

சா கலோப்ராதான் எல்லோருக்கும் கனவு. 1930களில் பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி அமைத்த இந்த மலைச்சாலை, ஓரிடத்தில் டை முடிச்சுப்போலச் சுற்றி வந்து தன் அடியிலேயே நுழைந்து போகிறது. மலைமேலிருந்து கீழே சா கலோப்ரா கடற்கரைக்குப் போகவும் திரும்பவும் வேறு சாலை கிடையாது. ஆகவே இறக்கத்தில் வாங்கிய கடனை ஏற்றத்தில் வட்டியோடு கட்டியாக வேண்டும். 10 கிலோமீட்டருக்குள் 650 மீட்டருக்கு மேல் உயரம்!

கட்ட முடியாதவர்கள் படகில் சோயேர் துறைமுகத்துக்குத் திரும்பலாம். ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர் அது. ஜூஸ் பிரமாதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டு வெயிலைத் தவிர்த்துவிட்டு, வசந்தகாலத்தில் போவது உத்தமம்.