முடிவு தெரிந்த சண்டை

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படி. அதன் அடியில் மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன் 2. அரை மணிக்குப் பத்து ரூபாய். 2006இல் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மாமா பையன் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி வந்து இறங்குவான். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக்கூட வராமல் நேரே அந்த மாடிப்படிக்குத்தான் போவோம்.

நாங்கள் ஆடியது 2003இல் வந்த ‘ஸ்மாக்டவுன்! ஹியர் கம்ஸ் தி பெயின்’ என்ற மல்யுத்த ஆட்டம். ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் செய்து, டிஎச்க்யூ வெளியிட்டது. டிவியில் அந்த மல்யுத்தத்தை நடத்திய கம்பெனி 2002லேயே டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தாலும் எங்கள் வாயில் அது டபிள்யூடபிள்யூஎஃப்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகளை வைத்துத்தான் எடை, உயரம், மார்பளவு எல்லாம் கற்றார்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் எப்போதும் பிராக் லெஸ்னர். மச்சான் கர்ட் ஆங்கிள். எக்ஸ் அழுத்தினால் அடி, வட்டம் அழுத்தினால் பிடி. பிடியிலும் நான்கு வகை உண்டு. வட்டத்தோடு எந்தத் திசையைச் சேர்த்து அழுத்துகிறோமோ அந்த வகை. திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன மனித உருவம் இருக்கும். தலை, உடம்பு, கை, கால் என்று எங்கே அடி சேருகிறதோ அந்தப் பாகம் சிவந்துகொண்டே வரும். நான் தூக்கித் தூக்கிப் போட்டு மீட்டரை நிரப்பி, எல்1 அழுத்தி எஃப்5 அடிப்பதிலேயே குறியாக இருப்பேன். மச்சான் பொறுமைசாலி. ஆட்டம் தொடங்கியதிலிருந்து என் ஆளின் காலை மட்டுமே அடிப்பான். கால் நன்றாகச் சிவந்ததும் ஆங்கிள் லாக். நான் எல்லாப் பொத்தான்களையும் வெறிகொண்டு தட்டுவேன், கயிறு கைக்கு எட்டுமா என்று பார்ப்பேன். பெரும்பாலும் எட்டாது.

ஆனால் அந்த ஆட்டத்தின் உயிர் எல்2, ஆர்2 பொத்தான்களில் இருந்தது. ஒன்று அடியைத் திருப்ப, மற்றொன்று பிடியைத் திருப்ப. எதிராளி என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் செய்யத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே கண்டுகொண்டு, சரியான பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. “இப்போது அழுத்து” என்று திரை சொல்லாது. மச்சான்தான் சொல்லிக்கொடுத்தான்: “டேய், கையப் பாக்காத. அவன் தோளப் பாரு. தோள் திரும்புனா பிடி வருது.” எதிரியாக உட்கார்ந்திருந்தவன் அதைச் சொல்லிக்கொடுத்தான் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ஒருமுறை என் எஃப்5ஐ அவன் திருப்பினான். அவன் ஆங்கிள் ஸ்லாமை நான் திருப்பினேன். பின்னால் காத்திருந்த பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போது கரண்ட் போனது. அந்த ஆட்டத்தில் யார் வென்றிருப்பார்கள் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு கல்லூரி அண்ணன், டென் ஸ்போர்ட்ஸ் டிவியில் வரும் சண்டையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்தது என்று சொன்னார். நான் நம்பவில்லை. அந்தச் சண்டைகளை நடத்திய வின்ஸ் மக்மேனின் கம்பெனியே 1989இல் நியூ ஜெர்சி செனட்டில் இது போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டிருந்ததை மிகப் பின்னால்தான் படித்தேன். அண்ணன் சொன்ன அன்றைக்கு அழுகைதான் வந்தது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவிலிருக்கும் ஊரில் ஆயாவிடம் போய்ச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பாரதக் கூத்தில்லாமல் முடியாது. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் தெருவையே அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீம வேஷக்காரர் அவன் தொடையில் கதையால் அடிப்பார். அந்த இரத்தத்தைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவாள். ஆயா முறுக்கைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: “துரியோதனன் சாவான்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் போய் அழறனே, அது பொய்யா?”

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒன்று விளங்கியது. டிவியில் மல்யுத்தக்காரர்கள் போட்ட சண்டை கூத்து மாதிரி: முடிவு தெரியும், ஆனால் விழுகிற உடம்பு நிஜம், வலி நிஜம். நிஜப் போட்டி நடந்தது எங்கள் மாடிப்படியடியில். அங்கே லெஸ்னர் ஜெயிப்பான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நாங்கள் விளையாட்டு என்று நினைத்ததில்தான் முடிவு யாருக்கும் தெரியாமல் இருந்தது.

மாடிப்படியின் அடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். டபிள்யூடபிள்யூஇ இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. மச்சானின் பையனுக்குப் பத்து வயது. எல்லாம் எழுதிவைத்தது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்காக அவன் அழவில்லை, சண்டையை ரசித்துப் பார்க்கிறான். அவன் ஆடுவது புதிய 2கே. அதில் எதிராளியின் அடி வரும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று திரையே காட்டிவிடும்.

போன பொங்கலுக்குத் திண்டிவனம் போனபோது மச்சான் எமுலேட்டரில் எங்கள் பழைய ஆட்டத்தைப் போனில் ஏற்றி, டிவியோடு இணைத்து வைத்திருந்தான். எனக்கு லெஸ்னர், அவனுக்கு ஆங்கிள். கைக்கு மறக்கவில்லை. பையன் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, தானும் ஆடுகிறேன் என்று என் கன்ட்ரோலரை வாங்கினான். மச்சான் அவனைத் தொடர்ந்து நான்கு முறை தூக்கிப் போட்டான்.

“அப்பா, எப்ப அழுத்தணும்னு காட்டவே மாட்டேங்குதே?”

மச்சான் என்னைப் பார்த்தான். நான்தான் பையன் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து, “அப்பாவோட ஆளு தோளப் பாரு” என்றேன்.