நிலமா, பொழுதா: எஸ்யூவி டயர்த் தெரிவு குறித்து ஒரு முன்னாய்வு

எஸ்யூவிக்கு டயர் மாற்றும்போது ஆல் டெரைன் போடுவதா, ஆல் சீசன் போடுவதா என்னும் சிக்கல் இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. ஆராய்ந்தவர்கள் எல்லோரும் டயர் விற்பவர்கள். ஆகவே இத்துறையில் இதுவே முதல் ஆய்வு என்று துணிந்து கூறலாம்; எல்லாத் துறையிலும் எல்லோரும் அப்படித்தான் கூறுகிறார்கள்.

சிக்கலின் வேர் தொல்காப்பியத்தில் இருக்கிறது. (வேறெங்காவது இருந்தால் கட்டுரையைக் கருத்தரங்க மலரில் சேர்க்க மாட்டார்கள்.) முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். டெரைன் நிலம், சீசன் பொழுது. டயர்க் கடையின் இரண்டு அலமாரிகளையும் பொருளதிகாரம் அன்றே பிரித்து வைத்துவிட்டது. சரக்கு மட்டும்தான் வரவேண்டியிருந்தது. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடுபடுத்தினார். 1888-இல் டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். இருவருமே தமிழுக்கு நன்றி தெரிவிக்கவில்லை.

முதலில் மூலபாடம். டயரின் பக்கச்சுவரில் 235/65 ஆர்17 104ஹெச் என்று பொறித்திருக்கும் (வெளிப்புறம், வால்வுக்கு நேர்மேல்). அகலம் 235 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரேடியல், 17 அங்குல ரிம். 104 என்பது ஒரு டயர் 900 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். இனி இதை அப்படியே விட்டுவிட்டால் ஆய்வாளன் எதற்கு? 235-ஐப் புறநானூற்றுப் பாட்டெண்ணாகக் கொண்டு, அதியமான் மறைவுக்கு ஔவை பாடிய கையறுநிலையை டயரோடு பொருத்திக் காட்டலாம். அதை அடுத்த கருத்தரங்குக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

பொழுதியல். குளிர்நாட்டார் வருடத்துக்கு இருமுறை டயர் மாற்றிச் சலித்த காலத்தில், 1977-இல், குட்இயர் நிறுவனம் டியெம்போ என்னும் டயரை அமெரிக்காவில் கொண்டுவந்தது. ஆல் சீசன் வகைக்கு அதுவே முன்னோடி. கோடைக்கான ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிமானம் இழக்கும் என்பதுதான் அங்கே கவலை. சென்னையில் 7 டிகிரி கிடைக்குமிடம் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு. அங்கே எஸ்யூவி நுழையாது. நம் கடைகளில் இதற்கு ஏறத்தாழ நிகரான சரக்கை ஹெச்.டி. என்பார்கள், அதாவது ஹைவே டயர்.

சில டயர்களில் 'எம் ப்ளஸ் எஸ்' என்று இருக்கும்: சேறும் பனியும். மும்மலைப் பனிச்செதில் முத்திரையைப் போலச் சோதனையில் தேறி வாங்கியதல்ல இது. பள்ளங்களின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளர் தமக்குத் தாமே போட்டுக்கொள்வது. பெயருக்கு முன்னால் தாமே போட்டுக்கொள்ளும் பட்டங்களோடு இதை ஒப்பிட்டால் பலருக்கு மனவருத்தம் உண்டாகும் என்பதால் விடுகிறேன்.

நிலவியல். குறிஞ்சி: கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, எல்லாம் தார்ச்சாலை. முல்லை: காட்டிலாகா அனுமதிக்காது. பாலை: பெட்ரோல் பங்க் உண்டு. மருதம்: வரப்பில் டிராக்டரே திணறும்.

ஆல் டெரைன் பூட்டிய நகரத்து எஸ்யூவி உண்மையில் உருளும் நிலத்தைத் தொல்லாசிரியர்கள் சொல்லாமல் விட்டார்கள். அதை ஆறாந்திணை என நிறுவுவதே இக்கட்டுரையின் தலையாய பங்களிப்பு. அதன் நிலம்: அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டும் பேஸ்மென்ட் சார்ந்த சரிவும். சிறுபொழுது: காலை எட்டரை. தெய்வம்: டேஷ்போர்டுப் பிள்ளையார். மக்கள்: செக்யூரிட்டி, அசோசியேஷன் செயலாளர், கார் துடைப்பவர். பறை: விசில். பண்: ரிவர்ஸ் கியர் போட்டால் எழும் மெட்டு. புள்: தூணுக்கு மேல் குந்தும் புறா. விலங்கு: பின்சக்கரத்தைக் கண்டதும் கால் தூக்கும் நாய். நீர்: மாடி ஏ.சி.யிலிருந்து சொட்டுவது. தொழில்: ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லுதல். உரிப்பொருள்: இடம் தேடலும் தேடல் நிமித்தமும்.

இத்திணைக்குச் சான்றுகள் ஏராளம் (குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு, நள்ளிரவுக் குரல்பதிவு, நாய் குரைத்து ஓய்ந்த பிறகு வரும் பகுதி). சரிவின் அடியில் இருக்கும் வேகத்தடையை ஆறாந்திணைக்குரிய மலையாகக் கொள்வதா, கரையாகக் கொள்வதா என்பதில் இரு கட்சி உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறியின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 17 மீட்டர் ஆர வட்டத்தின் ஒரு துண்டுபோல் வளைந்திருக்க வேண்டும். நம் செயலாளர் கட்டியது செங்குத்தாக நிற்கிறது. மலை என்பார்க்கு இதுவே ஆதாரம் (அலைன்மென்ட் ரசீதின் பின்பக்கம், டீக்கறை படிந்த இரண்டாம் வரி, கிரீஸ் கைரேகைப் பாடத்தில் இவ்வரி இல்லை). கரை என்பாரோ மழைக்காலத்தில் தண்ணீரை உள்ளேயே தேக்கி வைக்கும் அதன் பண்பைச் சுட்டுவர் (மேற்படி ரசீதுக்கு எழுந்த ஸ்டெப்னி உரை, ஜாக்கிக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டது, பாதி கறையான் தின்றது, மீதியை எழுதியவரே மறுக்கிறார்). இரண்டும் பொருந்தும் என்று சொல்லி நகர்வதே உரை மரபு.

கள ஆய்வாக, டயர்க் கடை வாசலில் கேட்ட உரையாடல்:

"வண்டி எங்கெங்க சார் ஓடும்?"

"ஆபீஸ், பாப்பா ஸ்கூல், ஞாயித்துக்கிழமை மாமியார் வீடு."

"மாமியார் வீட்டுக்கு மண் ரோடா?"

"இல்லண்ணே, தாம்பரம்."

"அப்ப ஹெச்.டி. தாராளம் சார்."

"பட்டன் பெருசா இருந்தா வண்டி கொஞ்சம் முரட்டுத்தனமா தெரியும்ல?"

கடைக்காரர் காதிலிருந்த பேனாவை எடுத்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். அறிவுரை அத்தோடு முடிந்தது.

பட்டன், அதாவது டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டி, பெரிதானால் என்ன ஆகும்? பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அகலும். சேற்றை உதறவும் சரளையைக் கவ்வவும் அது வேண்டும். தார்ச்சாலையிலோ ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறையும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் பல டயர்களில் நிற்கும் தூரம் கூடும். ஒவ்வொரு பட்டனும் தரையில் அறைவதால் இரைச்சல் எழும். அது ஒரே சுருதியில் ஊளையிடாதிருக்கத்தான் பட்டன்களைச் சற்றே வேறுவேறு அளவில் வார்க்கிறார்கள். டயர் கனமாகும், மைலேஜ் இறங்கும். ஊடல் மருதத்துக்கு உரியதென்பர். பின்சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காத காரணத்தால் அது ஆறாந்திணைக்கும் உண்டு.

எஸ்டேட்டுக்குள் ஜல்லிப் பாதையில் தினமும் ஏறி இறங்குபவர், குவாரிக்குப் போகிறவர், தோட்டத்துக்கு மண்பாதை தவிர வழியில்லாதவர், இவர்களுக்கு ஆல் டெரைன் கொடுத்த காசுக்கு உழைக்கும். கூரான கல்லைத் தாங்கப் பலவற்றில் பக்கச்சுவர் கூடுதல் வலுவோடு வருகிறது. இவர்கள் யாரும் இக்கட்டுரையைப் படிக்கப் போவதில்லை, வேலை இருக்கிறது.

வெள்ளம் வந்தால்? என்று கேட்பார்கள். டயருக்கும் நீருக்கும் உள்ள உறவுக்கு நாசா ஆய்விலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு: 33 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர், தேங்கிய நீரில் ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐப்பசி மாதம் அந்த வேகத்தை எட்டுகிறவர் டயரைப் பற்றிக் கவலைப்படும் நிலையைக் கடந்தவர். இடுப்பளவு நீரில் எஞ்சின் காற்றிழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்தால் எந்தப் பட்டனும் காப்பாற்றாது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அங்கே போய்ச் சேர எல்லா டயருக்கும் தகுதி இருந்தது.

முடிபு தொல்காப்பிய மரபிலேயே கிடக்கிறது. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று வகுத்தவர்கள், மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதும் உரியவை என்று கொண்டார்கள். சென்னை கடற்கரை ஊர், எனவே நெய்தல். நெய்தலுக்கு எல்லாப் பருவமும். ஆகவே ஆல் சீசன். இதையும் மீறி ஆல் டெரைன் வாங்குகிறவர், ஐந்திணை பற்றி ஐந்நூறு பக்கம் எழுதிவிட்டுக் கருத்தரங்க அறையின் ஏ.சி.யை விட்டு வெளியே வராத அறிஞருக்கு நெருங்கிய உறவினர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது பில்லைப் பார்த்ததும் விளங்கும்.

எஞ்சிய ஆய்வுக்களம் ஒன்று உண்டு. புது டயருக்கு நைட்ரஜன் அடிக்கத் தனிக்காசு கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறதே, மிச்சம் 22 விழுக்காட்டுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் கடையில் எனக்கு இப்போது அலைன்மென்ட்டும் செய்வதில்லை.